தண்ணி வந்துட்சு

ராஜவேலுவுக்குத் தூண்டில் பைத்தியம். ஆரணியில் பட்டு நெய்கிறவனுக்கு இதைவிடப் பொருந்தாத பைத்தியம் கிடையாது. கமண்டல நதியில் வருஷத்தில் முக்கால்வாசி மணல்தான். ஐப்பசி மழைக்குத்தான் தண்ணீர் ஓடும். அதே மழைக்குத்தான் நெய்கிறவன் கால் விட்டு உட்காரும் தறிக்குழியில் ஊற்றெடுத்து நெசவு நின்றுபோகும். ஆக, அவன் சந்தோஷப்படும் நாளெல்லாம் வீட்டில் அடுப்பு அரைவயிறு எரியும் நாளாக இருந்தது. வானம் இருட்டினால் அவன் முகம் மலரும். அதைப் பார்க்கப் பார்க்க அவன் மனைவி தேவகிக்குப் பற்றிக்கொண்டு வரும். தூண்டில் கழியை வீட்டுக்குள் சேர்க்கவே மாட்டாள். அது ஆற்றோரம் வீரபாகுவின் பெட்டிக்கடையில் கிடந்தது.

எழுபத்தெட்டில் தேவகியின் தங்கை குணசுந்தரிக்குக் கல்யாணம் நிச்சயமானது. "எந்தங்கச்சி கூறப்பொடவ எங்கூட்டுத் தறியிலதாங்க எறங்கணும்" என்று முதலாளியிடம் கெஞ்சி, நீளவாக்கில் தறியேற்றும் பாவு நூலை வாங்கி வந்தாள். சந்தன நிறம், அரக்குக் கரை. ராஜவேலுவும் மனசு வைத்துத்தான் நெய்தான், அதில் குறை சொல்ல முடியாது. முந்தானை மட்டும் பாக்கி இருந்தபோது மழை பிடித்துக்கொண்டது.

அன்று அவன் குறுக்கே ஓட்டும் ஊடைப் பட்டு வாங்கச் சாயக்காரர் வீட்டுக்குப் போயிருந்தான். பக்கத்து வீட்டுப் பழனி நனைந்துகொண்டே சைக்கிளில் வந்தான்.

"ராஜவேலு, தண்ணி வந்துட்சாம்பா! உங்கூட்டுல சொல்லச் சொன்னாங்க. ஜல்தி போ!"

மழைக்காலத்தில் நெசவாளி வீட்டில் அந்தப் பேச்சுக்கு ஒரே அர்த்தம்தான்: குழியில் தண்ணீர் ஏறுகிறது, ஓடி வா. சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நம்ம ஆளுக்கு ஆறுதான் கேட்டது. அதுவும் தேவகியே சொல்லி அனுப்பியிருக்கிறாள்! கல்யாணமான நாளாக முறைத்தவள் கடைசியில் மனசு இளகிவிட்டாளே என்று அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. நேரே வீரபாகு கடைக்கு ஓடினான்.

அப்படி ஒரு மத்தியானத்தை அவன் அனுபவித்ததே இல்லை. செந்தண்ணீர் ஓரமாகச் சுழித்து நிற்கும் இடம் பார்த்து, புழுவைக் கோத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்தான். தக்கை லேசாகத் துடித்தது. கை பரபரத்தது. அவசரப்படாமல் பொறுத்து, அது சட்டென்று அமிழ்ந்ததும் சுண்டினான். கழி வளைந்து, பெரிய கெளுத்தி ஒன்று துள்ளிக்கொண்டு மேலே வந்தது. "தேவகி, பாருடீ!" என்று ஆளில்லாத ஆற்றில் கத்தினான்.

மீனோடு வீடு திரும்பியபோது தேவகி குழிக்குள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று குடத்தால் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒற்றை ஆளால் சமாளிக்க முடியவில்லை. தண்ணீர் விளிம்பைத் தாண்டி, நெய்து சுற்றியிருந்த புடவை முழுக்க நனைந்து, அரக்குச் சாயம் சந்தன நிறத்தில் திட்டுத் திட்டாக இறங்கியிருந்தது.

"ஆத்துல தண்ணி வந்துட்சுன்னு நீ சொல்லி அனுப்புனதா நெனச்சிகினு..." என்று இழுத்தான்.

அவள் திட்டவில்லை. மீனை வாங்கிக் குழம்பு வைத்து அவனுக்குப் போட்டாள். குணசுந்தரி கடையில் வாங்கிய புடவையோடு மணையில் உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகும் தேவகி அவனோடு பேசினாள், சிரித்தாள், சண்டைகூடப் போட்டாள். ஆபத்து அவசரத்துக்கு அவனைக் கூப்பிடுவதை மட்டும் விட்டுவிட்டாள். எண்பத்திரண்டில் அவளுக்குப் பிரசவ வலி எடுத்தபோது, ராஜவேலு நாலு வீடு தள்ளித்தான் பாவு பிணைத்துக்கொண்டிருந்தான். அவள் பழனியின் மனைவி கமலத்தைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ரிக்‌ஷாவில் ஏறிப் போய்விட்டாள்.

விஷயம் தெரிந்து ஆஸ்பத்திரிக்கு ஓடினான். பெண் குழந்தை பிறந்திருந்தது. "ஒரு வார்த்த சொல்லி அனுப்பக் கூடாதா, தேவகி?" என்று அழுதான்.

அவள் குழந்தையின் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"சொல்லலாம்னுதான் வாயெடுத்தேன். நீங்க வேற என்னாத்தையோ புரிஞ்சிகினு எங்கியாவது போயிடுவீங்கன்னு பயமா இருந்துச்சு."