கொலுவில் நின்ற எஞ்சின்

அம்மா கேட்டது தையல் மிஷின். மாமா கொண்டுவந்தது ரயில் எஞ்சின். இது நடந்தது ஒரு சித்திரை மாத ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்தேகால் மணிக்கு. எந்த வருடம் என்பதும் எனக்குத் தெரியும். எழுதினால் யாராவது என் வயதைக் கணக்குப் போட்டுவிடுவார்கள் என்பதால் விட்டுவிடுகிறேன். நான் அப்போது ஐந்தாம் வகுப்புக்குப் போகக் காத்திருந்த பெண் என்பது போதும்.

புனே பக்கம் சிஞ்ச்வட்டில் ஒரு அடுக்குமாடிச் சோசைட்டியின் இரண்டாம் மாடியில் இருந்தோம். அப்பா மோட்டார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதகர். மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் பொருளைத் திருப்பி அனுப்புவதுதான் அவர் வேலை. அம்மாவின் தம்பியான மாமா எங்களோடு தங்கி, பிம்ப்ரியில் ஒரு கம்பெனியின் பராமரிப்புப் பிரிவுக்குப் போய் வந்துகொண்டிருந்தார். அவர் எதையும் திருப்பி அனுப்பாதவர். கோர்படியில் ஒரு பள்ளிக்கூட டீச்சர் வீட்டைக் காலி செய்கிறார், பழைய தையல் மிஷின் இருக்கிறது என்று யாரோ சொல்ல, அதை வாங்கத்தான் போனார். மிஷின் முந்தின நாளே விற்றுப்போயிருந்தது. கொல்லைக் கொட்டகையில் சாக்கு மூடிக் கிடந்த எஞ்சின் மாமாவின் கண்ணில் பட்டது.

பார்க்க ஒரு பெரிய சூட்கேஸ் அளவு. ஓடும் தண்டவாளத்தின் அகலம் மூன்றரை அங்குலம். ஆனால் பொம்மை அல்ல. உள்ளே செம்புக் கொதிகலன் உண்டு. கரி போட்டு, தண்ணீரைக் கொதிக்க வைத்தால், பெரிய எஞ்சின் எப்படி ஓடியதோ அப்படியே நீராவியில் ஓடும். டீச்சரின் அண்ணன் ரயில்வேயில் இருந்தவர். அவரும் யாரிடமோ செகண்ட்ஹேண்டாக வாங்கி வைத்திருந்தாராம். கல்யாணம் செய்துகொள்ளாத அண்ணனும் தங்கையுமாக அந்த வீட்டில் இருந்திருக்கிறார்கள். அண்ணன் போய் இரண்டு வருடமாகியிருந்தது. அதன்பின் எஞ்சினை யாரும் தொடவில்லை.

டீச்சர் அதற்கு விலை வாங்க மறுத்துவிட்டார். தசராவோடு புனேயை விட்டு நாக்பூரில் உறவுக்காரர் வீட்டுக்குப் போகிறேன், போவதற்குள் இதன் சீட்டியை ஒருதரம் கேட்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். மாமா யோசிக்காமல் தலையாட்டிவிட்டு வந்திருந்தார். அப்பா எஞ்சினைச் சுற்றி இரண்டு தரம் நடந்தார். சக்கரத்தை அசைத்துப் பார்த்தார். அசையவில்லை.

"மாப்ளே, வாக்கு குடுத்தது நீ. வேலை செய்யப் போறது யாரு?"

"நீங்கதான் அத்தான். அந்த நம்பிக்கையிலதானே குடுத்தேன்."

வாஷிங் மிஷினும் அப்பாவின் சின்னக் கடைசல் லேத்தும் ஏற்கனவே இடத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்த பால்கனியில் எஞ்சினும் ஏறியது. அப்பா அதை ஆணி ஆணியாகக் கழற்றி, காலி மாத்திரை டப்பாக்களில் போட்டார். டப்பாவின் மேல் பெயரும் கழற்றிய தேதியும் எழுதி ஒட்டுவது என் வேலை. தேதி விஷயத்தில் எனக்கு இருக்கும் பைத்தியம் அங்கேதான் ஆரம்பித்தது. பழைய எண்ணெய் கோந்தாக இறுகிப் பிஸ்டன்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. மாமா அவற்றை ஒரு வாரம் மண்ணெண்ணெயில் ஊற வைத்தார். அந்த வாரம் எங்கள் வீட்டு ரசத்திலும் மண்ணெண்ணெய் வாசம். தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய் உடைந்திருந்தது. மாமா வாங்கி வந்த புதுக் குழாயை அப்பா இரண்டு தடவை திருப்பி அனுப்பினார்.

சீட்டிக்குள் குளவி கூடு கட்டி மண்ணாக இறுகியிருந்தது. அதைத் துடைப்பக்குச்சியால் மூன்று நாள் குடைந்து சுத்தம் செய்து, அப்பா வாயில் வைத்து ஊதிப் பார்த்தார். கரகரவென்று, ஜலதோஷம் பிடித்த கிளி கத்துவது போல ஒரு சத்தம் வந்தது. அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. வேறு சீட்டி கடைந்துவிடலாம் என்று பித்தளைத் துண்டை லேத்தில் மாட்டியும்விட்டார்.

"டீச்சர் கேட்டது இதோட சீட்டியை அத்தான். உங்களோடதை இல்ல" என்றார் மாமா.

அப்பா அந்தப் பித்தளைத் துண்டைக் கழற்றி வைத்தார். அளவு சரியில்லாத ஒன்றை அவர் திருப்பி அனுப்பாமல் விட்டதை அன்றுதான் நான் முதன்முதலாகப் பார்த்தேன்.

ஆவணி கடைசியில் எஞ்சினைத் திரும்பக் கோத்தாயிற்று. அடுப்பு மூட்டுவதற்கு முன் ஒரு பரீட்சை உண்டு. கொதிகலனில் பச்சைத் தண்ணீரை நிரப்பி, கைப்பம்பால் அடித்து, ஓடும்போது இருக்கப்போகும் அழுத்தத்தைப் போல் இரண்டு மடங்கு ஏற்ற வேண்டும். எங்காவது பலவீனம் இருந்தால் தண்ணீர் சொட்டும், அவ்வளவுதான், வெடிக்காது. இதை அப்பா அம்மாவுக்குப் பொறுமையாக விளக்கினார்.

"உன் குக்கரை விட இது பத்திரம்க்கா" என்று மாமா கூடச் சேர்ந்துகொண்டார்.

"என் குக்கர்ல எந்தக் குளவியும் கூடு கட்டலடா" என்றாள் அம்மா.

சொட்டவில்லை. இருபது நிமிடம் அழுத்தமானியின் முள் ஆடாமல் நின்றது. மாமா என்னைத் தூக்கிச் சுற்றினார். அப்பா நாட்காட்டியை எடுத்து, வேலையில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்து வட்டம் போட்டார். அன்று முதல் நீராவி, அன்றே டீச்சரை வரவழைப்பது என்று முடிவாயிற்று. எல்லாவற்றையும் இரண்டு தரம் அளக்கிற அப்பா, அந்த ஞாயிறு எந்தப் பத்து நாளுக்கு நடுவில் வருகிறது என்று மட்டும் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை அமாவாசை. அம்மா கொலுப்படி கட்டினாள். படிக்குக் கீழே வருடா வருடம் பூங்கா போடுவது வழக்கம். அந்த வருடம் ரயில் நிலையம் போடலாம் என்றேன். அம்மாவுக்கும் யோசனை பிடித்திருந்தது. அப்பாவும் மாமாவுமே பெருமையாக எஞ்சினைத் தூக்கி வந்து வைத்தார்கள். செட்டியார் பொம்மையும் அவர் மனைவியும் வண்டிக்குக் காத்திருப்பது போல நான் பக்கத்தில் நிறுத்தினேன். சோசைட்டியின் மராத்திக்காரப் பெண்கள் சுண்டலை மறந்துவிட்டு எஞ்சினைப் பார்த்தார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் அப்பா மெல்ல வந்து, நாளைக்கு அதை எடுக்க வேண்டும் என்றார். அம்மா சுண்டல் வாணலியிலிருந்து நிமிரவில்லை.

"கொலுவுல வச்சது வச்சதுதாங்க. தசமி ராத்திரி ஒரு பொம்மையைப் படுக்க வைக்கிற வரைக்கும் ஒண்ணையும் அசைக்கக் கூடாது."

"அது பொம்மை இல்லையே."

"பின்ன எதுக்கு கொலுவுல வச்சீங்க?"

அப்பா மாமாவைத் தேடிக்கொண்டு போனார். விஷயம் அத்தோடும் நிற்கவில்லை. டீச்சரிடம் மாமா போனில் பேசியபோது, வண்டி தசரா அன்று பிற்பகல் என்றும், வீட்டிலிருந்து இரண்டு மணிக்குக் கிளம்புகிறார் என்றும் தெரிந்தது. தசரா என்றால் தசமி. தசமி ராத்திரி எஞ்சினைத் தொடலாம் என்கிறபோது டீச்சர் பாதி வழியில் இருப்பார். மாமாவின் முகம் அப்படித் தொங்கி நான் பார்த்ததில்லை. அம்மாவிடம் கெஞ்சினார், சிரிக்க வைக்கப் பார்த்தார், ஒரு வேளை சாப்பிடாமல்கூட இருந்தார். அம்மா அவர் தட்டை மூடி வைத்துவிட்டு வேலையைப் பார்த்தாள்.

புதன்கிழமை சரஸ்வதி பூஜை. புத்தகங்களோடு அப்பாவின் ஸ்பானர்களையும் அளவுக் கருவிகளையும் அடுக்கியாயிற்று. லேத்துக்கு மாலை போட்டாயிற்று. அம்மா சந்தனக் கிண்ணத்தையும் குங்குமச் சிமிழையும் என் கையில் கொடுத்து, "வீட்ல இருக்கிற கருவிக்கெல்லாம் பொட்டு வச்சிட்டு வா. எதையும் விட்டுடாதே. பொம்மைக்கு மட்டும் வேண்டாம்" என்றாள். நான் கத்தரிக்கோல், அரிவாள்மனை, மிக்ஸி, மாமாவின் ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் வைத்துக்கொண்டே வந்து, கொலுவின் முன்னால் நின்றேன். எஞ்சின் பொம்மையா கருவியா என்று எனக்குக் குழப்பம். அம்மா திரும்பி நின்று பூத் தொடுத்துக்கொண்டிருந்தாள். சட்டென்று கொதிகலன் நெற்றியில் ஒரு பெரிய பொட்டை அப்பிவிட்டு, திட்டு விழும் என்ற பயத்தில் ஓடிவிட்டேன்.

விஜயதசமி காலை புனர்பூஜை முடிந்தது. அம்மா கற்பூரத்தட்டோடு கொலுவின் பக்கம் வந்து, எஞ்சினைப் பார்த்து நின்றாள்.

"இதுக்கு யாரு பொட்டு வச்சது?"

நான் மாமாவின் முதுகுக்குப் பின்னால் போனேன்.

"பூஜையில வச்ச கருவியை இன்னிக்குக் காலையில எடுத்து வேலை செஞ்சே ஆகணும். இல்லேன்னா குத்தம்" என்றாள் அம்மா, யாரையும் பார்க்காமல். "மணி எட்டாகுது. நிக்கிறீங்களே."

அப்பாவும் மாமாவும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு இருவரும் சேர்ந்து எஞ்சினைத் தூக்கினார்கள். நான் செய்த தவறால்தான் எல்லாம் சரியாயிற்று என்று பல வருடங்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அம்மா ஒருமுறைகூட என்னைத் திருத்தவில்லை.

டீச்சர் கிளம்புவதற்குள் அவர் வீட்டுக்கே எஞ்சினைக் கொண்டுபோய்விடலாம் என்று அப்பாவும் மாமாவும் நானும் புறப்பட்டோம். ஆட்டோ கிடைக்கவில்லை. தசரா அன்று ஆட்டோக்காரர்கள் வண்டியைக் கழுவி, சாமந்தி மாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆகவே லோக்கல் ரயில். கூட்டத்தில் மாமா ஜன்னலோரம் உட்கார்ந்து எஞ்சினை மடியில் வைத்துக்கொண்டார். டிக்கெட் பரிசோதகர் வந்து நின்றார்.

"யே க்யா ஹை?"

"எஞ்சின் ஹை, சாப்" என்றார் மாமா.

அதை அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். சொந்த எஞ்சின் இருக்கும்போது எங்கள் வண்டியில் எதற்கு வருகிறீர்கள் என்று கேட்டார். பெட்டியே சிரித்தது. சாமானுக்கு ரசீது எங்கே என்று அடுத்துக் கேட்டிருக்க வேண்டும். அப்பா அதற்குத் தயாராகப் பையில் கையும் விட்டுவிட்டார். ஆனால் பரிசோதகர் குனிந்து, கொதிகலன் நெற்றிக் குங்குமத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அடுத்த ஆளிடம் போனார்.

கோர்படி போய்ச் சேர்ந்தபோது பதினொன்றரை. வீடு காலியாக இருந்தது. இரண்டு டிரங்குப் பெட்டியும் ஒரு நாற்காலியும்தான் மிச்சம். டீச்சர் என் அம்மாவை விடப் பத்து வயது மூத்தவராக இருக்கலாம். என் கையில் ஆப்டா இலைகளை வைத்து, "சோனே" என்றார். தசராவில் அந்த இலைதான் தங்கம் என்று மாமா விளக்கியும் எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது.

கொல்லையில், கொண்டுபோன இரண்டு இரும்புப் பட்டைகளைப் பலகையில் பதித்து, பன்னிரண்டடிக்குத் தண்டவாளம் போட்டோம்.

கரி பற்றிக்கொள்ள ஆரம்பத்தில் புகைபோக்கி வழியே காற்றை இழுக்க வேண்டும். அதற்காக மாமா அம்மாவின் பழைய மிக்ஸி மோட்டாரில் ஒரு விசிறி செய்து கொண்டுவந்திருந்தார். ஒயரைப் போட்டால் ஓடவில்லை. முந்தின நாள் சாயங்காலமே மின் இணைப்பைத் துண்டித்துவிட்டுப் போயிருந்தார்கள். விசிறி இல்லாமல் கரி வெறுமனே புகைந்தது. பன்னிரண்டரை ஆயிற்று. அப்பா வாயால் ஊதினார். முகம் கறுத்ததுதான் மிச்சம்.

மாமா கொட்டகைக் கூரையைப் பார்த்தார். மழைத்தண்ணீர் இறங்கும் தகரக் குழாய் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. டீச்சரைப் பார்த்தார். அவர் தலையசைத்ததும், ஒரே இழுப்பில் பிடுங்கி, எஞ்சினின் புகைபோக்கி மேல் நட்டு, கையால் பிடித்துக்கொண்டார். புகைபோக்கி திடீரென்று ஆள் உயரமாயிற்று. நெருப்பு உறுமிக்கொண்டு மேலே ஏறியது. சந்தனமும் கரியும் எண்ணெயும் சேர்ந்து ஒரு வாசனை வந்தது.

ஒன்றேகாலுக்கு முள் அசைந்தது. டீச்சர் பெட்டிகளைப் பூட்டிவிட்டு வருகிறேன் என்று உள்ளே போனார். ஒன்று இருபத்திரண்டுக்கு அப்பா, போதும் என்று நினைத்தாரோ, சோதித்துப் பார்க்க நினைத்தாரோ, சீட்டியின் கைப்பிடியைத் தொட்டார்.

அந்த ஜலதோஷக் கிளி கொல்லை முழுக்கக் கத்தியது.

காலி வீட்டுக்குள்ளிருந்து, கொஞ்சம் சலிப்பான குரலில், உடனே பதில் வந்தது: "ஆலே ரே, ஆலே!"

இதோ வருகிறேனடா, வருகிறேன். எனக்கு அவ்வளவு மராத்தி தெரியும். யாருமே கூப்பிடவில்லையே என்று நான் சிரித்துவிட்டேன். டீச்சர் வாசற்படியில் வந்து, வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றார். பிறகு அவரும் சிரித்தார். அண்ணனுக்குக் கொட்டகையில் வேலை முடிந்ததும் டீ வேண்டும், அதற்கு இதை ஊதுவார், பரீட்சைத் தாள் திருத்த விடமாட்டார் என்றார்.

"பாவூ, இன்னொரு தரம்" என்று அப்பாவிடம் கேட்டார். பாவூ என்றால் அண்ணன். வாசலில் நின்றல்ல. மறுபடி உள்ளே, சமையலறைக்குப் போய்விட்டார். அப்பா ஊதினார். "ஆலே ரே!" என்று பதில் வந்தது. எனக்கு விளையாட்டு பிடிபட்டுவிட்டது. நானும் ஓடிப்போய்ச் சமையலறையில் அவர் பக்கத்தில் நின்றுகொண்டு, ஒவ்வொரு சீட்டிக்கும் அவரோடு சேர்ந்து கத்தினேன். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். பதினேழு தரம். நான் எண்ணினேன்.

எஞ்சினுக்கு ஓட நீராவி மிஞ்சவில்லை. டாக்ஸி வந்து ஹாரன் அடித்தபோது அப்பா அவசரமாக ஓட்டும் கைப்பிடியைத் திருப்ப, அது நாலடி நகர்ந்து, பெருமூச்சு விட்டு நின்றது. டீச்சர் அதற்குக் கைதட்டினார். பெட்டிகளை ஏற்றினோம். அவர் ஜன்னல் வழியே என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்.

திரும்பும் லோக்கலில் கூட்டமில்லை. மாமா இந்தத் தடவை எஞ்சினைப் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்தார். ஐந்து மாத வேலைக்கு நாலடிதானா என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் கேட்க நினைத்தது வேறு.

"டீச்சர் யாருக்குப்பா பதில் சொன்னாங்க?"

அப்பா கைக்கரியைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நமக்குத்தான்" என்றார்.

அது எனக்குச் சரியாகவே பட்டது. ஊதியது நாங்கள்தானே.