ஆம்புலன்ஸில் பீடோர் வரை

மலேசியாவில் ஈப்போவிலிருந்து பீடோருக்குப் பழைய சாலையில் போவது எப்படி என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அந்தச் சாலையில் என்னால் மறக்க முடியாத பயணம் எண்பதுகளின் தொடக்கத்தில், ஓர் ஆம்புலன்ஸில் போனது. அப்போது நான் அரசு மருத்துவமனையில் ஹாஸ்பிட்டல் அசிஸ்டன்ட்; ஆம்புலன்ஸில் போய் முதலுதவி செய்வதும் என் வேலை. ஆம்புலன்ஸ் ஊழியர்களின் பழைய சிகிச்சை விதிமுறைகளைத் திருத்தி எழுதும் பொறுப்பு யாழ்ப்பாணத் தமிழ் பேசும் டாக்டர் புவனேஸ்வரியிடம் வந்திருந்தது. "வண்டியில ஏறாமல் நான் எப்படி எழுதுறது?" என்று கேட்டு, ஒரு காலையில் எங்களோடு கிளம்பிவிட்டார்.

ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர். கோப்பெங் தாண்டியதும் டாக்டர் தாமே ஸ்ட்ரெச்சரில் படுத்து, எலும்பு முறிந்தவருக்குக் கட்டுவதுபோல் தம் காலில் மரச்சட்டம் வைத்துக் கட்டச் சொன்னார். ஒவ்வொரு குழியிலும் எங்கே வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

"மெதுவா போவட்டா டாக்டர்?" என்றார் ஓட்டுநர் மணியம்.

"வேண்டாம். நோயாளியைக் கொண்டு போற மாதிரியே ஓட்டுங்கோ."

பீடோர் அருகே ஒரு ரப்பர் தோட்டத்தின் மருந்தகத்தைப் பார்ப்பதுதான் திட்டம். செம்மண் பாதையில் திரும்பியதுமே ஆட்கள் ஓடிவந்து நிறுத்தினார்கள். ரப்பர் பால் ஏற்றிய டிராக்டர் சரிந்து, லெட்சுமி என்ற, பால்மரம் வெட்டிப் பால் எடுக்கும் பெண்ணின் தொடை எலும்பு முறிந்திருந்தது. பாதம் வெளுத்துச் சில்லிட்டுக் கிடந்தது.

அதுவரை எங்களுக்கிருந்த விதி, உடனே தூக்கி வண்டியில் ஏற்று என்பது. டாக்டர் கொண்டுவர நினைத்தது, காலை நேராக்கிக் கட்டிவிட்டுத் தூக்கு என்பது. தம் காலில் இருந்த சட்டத்தை அவிழ்த்து எடுத்துக்கொண்டு செம்மண்ணில் முழங்காலிட்டார்.

லெட்சுமியின் கணவர் ஆறுமுகம் என் சட்டையைப் பிடித்துவிட்டார். "வண்டிய பக்கத்துல வச்சிக்கிட்டு என்னா செய்றீங்க? சாவட்டும்னு பாக்குறீங்களா? தூக்குங்கலா!"

டாக்டர் அவரை நிமிர்ந்து பார்த்தார். "அண்ணே, இப்படியே தூக்கினா எலும்பு ரத்தக்குழாயை அறுத்துப்போடும். காலே போயிடும். கட்டினதும் போவம். நீங்க அவ கையைப் பிடிச்சுக்கொள்ளுங்கோ."

ஆறுமுகம் என்னை விட்டுவிட்டு மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் காலை மெல்ல இழுத்துப் பிடிக்க, டாக்டர் கட்டினார். லெட்சுமி அலறினாள். கொஞ்ச நேரத்தில், "பாதத்தைத் தொட்டுப் பாருங்கோ" என்றார் டாக்டர். தொட்ட ஆறுமுகம், "சூடு வந்திருச்சு" என்று சொல்லி அழுதுவிட்டார்.

பிறகுதான் அவளை வண்டியில் ஏற்றினோம். கால் பிழைத்தது. சில மாதங்களில் லெட்சுமி நடந்தாள்.

அன்று மாலை டாக்டர் சொன்னார்: "அந்த மனுசன் கோபப்பட்டது சரிதான். என்ன செய்யப் போறம் எண்டு நாங்க முதல்ல சொல்லேல்லையே." திருத்திய விதிமுறையில் எலும்பு முறிவுப் பகுதி கட்டுப் போடுவதில் தொடங்கவில்லை. 'செய்யப்போவதை நோயாளியிடமும் உறவினரிடமும் சொல்லவும்' என்று தொடங்கியது. பிறகு எத்தனையோ டாக்டர்களுடன் வேலை செய்தேன். இப்படி ஒரு வரி எழுதியவர் அவர் ஒருவர்தான்.

போகிறவர்களுக்கு: நெடுஞ்சாலையை விட்டு கோப்பெங், கம்பார், தாப்பா வழியாகப் போங்கள். நிதானமாகப் போனால் ஒன்றரை மணி நேரம். பீடோரில் கொய்யா வாங்காமல் திரும்பாதீர்கள். அந்த ரப்பர் தோட்டத்தில் இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனைதான். தோட்ட ஆபீசில் கேட்டுவிட்டு நுழையுங்கள். வழியில் விபத்தைப் பார்த்தால், அடிபட்டவரை இழுத்துக் காரில் போட வேண்டாம். அவசர எண் 999-ஐ அழைத்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்து அவரிடம் பேசிக்கொண்டிருங்கள்.