தம்பி செய்த வண்டியில் குறை இல்லை

விக்னேசுவரனை வணங்கி, பித்ருக்களை நமஸ்கரித்து, தம்பியின் வருஷாப்தீகத்துக்கு வந்திருக்கும் உறவுக்காரர்களுக்கும் சிநேகிதர்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் பத்தாம் வகுப்பைத் தாண்டாதவன். சாலைக் கடைத்தெருவில் ஒரு பலசரக்குக் கடையில் சரக்கு எடுத்துக் கொடுத்தே காலம் கழித்தவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மறைந்தவரை 'அவர்' என்று எழுதுவதுதான் மரியாதை என்று அச்சகத்தில் சொன்னார்கள். ஏழு வயசு இளையவனை நான் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. இப்போது சொன்னால் வேறு யாரையோ பற்றி எழுதுகிற மாதிரி இருக்கிறது. அதனால் 'அவன்' என்றே எழுதுகிறேன்.

தம்பி பிறந்தது வலியசாலையில் இப்போது நாங்கள் இருக்கிற இதே வீட்டில்தான். அப்பா கோயில் மடைப்பள்ளியில் வேலை பார்த்தார். பிறவியிலேயே தம்பிக்கு வலது கண்ணில் பார்வை மங்கல். எட்டாவது வயசில் காய்ச்சல் வந்து கைகால் மூட்டெல்லாம் வீங்கிப் படுத்தான். வீக்கம் வடிந்தது, காய்ச்சலும் போயிற்று. போகும்போது அது இருதயத்தின் வால்வைக் கெடுத்துவிட்டுப் போனது என்று பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அம்மா அவனைத் தெருவில் ஓட விடமாட்டாள். ஓட முடியாத பிள்ளை வீட்டுக்குள் உட்கார்ந்து ரேடியோவைப் பிரித்தான், டார்ச் லைட்டைப் பிரித்தான், அம்மாவின் மிக்சியைப் பிரித்து அடி வாங்கினான். அடித்த அம்மாவே மறுநாள் அந்த மிக்சியில் சட்னி அரைத்தாள். முன்னைவிட நன்றாக ஓடிற்று.

ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீசியன் படித்தான். பிறகு வீடு வீடாகப் போய் மிக்சி, கிரைண்டர், ஃபேன், இன்வெர்ட்டர் சரிசெய்வதே அவன் தொழில் ஆயிற்று. கல்யாணப் பேச்சு வந்த இரண்டு இடத்திலும் தன் நெஞ்சு விஷயத்தைத் தானே சொன்னான். "மறைச்சு வெச்சு ஒரு பொண்ணை அழைச்சுண்டு வரப்படாது அண்ணா" என்றான். இரண்டு இடமும் தட்டிப்போயின. மூன்றாவது இடம் பார்க்க அவன் விடவில்லை. கடைசி வரைக்கும் எங்களோடுதான் இருந்தான். என் சம்சாரம் அவனுக்கு மன்னி என்பது பெயருக்குத்தான். அம்மா போன பிறகு அவன் மாத்திரையை வேளை தவறாமல் எடுத்துக் கொடுத்தவள் அவள்தான்.

ஐம்பது வயசுக்கு மேல் மூச்சு வாங்கத் தொடங்கிற்று. மேடு ஏறக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, சைக்கிள் மிதிக்கவே கூடாது என்று டாக்டர் அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நம் ஊரில் மேடு ஏறாமல் எந்த வீட்டுக்குப் போவது? கண் பார்வையால் லைசென்ஸ் கிடைக்காது, ஆகவே ஸ்கூட்டரும் இல்லை. வேலை பாதியாயிற்று, பிறகு கால் பங்காயிற்று. "மாமி, இந்த வாரம் வர முடியாது, வேற ஆளைப் பாருங்கோ" என்று அவன் போனில் சொல்வதை நான் பக்கத்து அறையிலிருந்து கேட்டிருக்கிறேன். நாலு மாசம் அந்த மாதிரி உட்கார்ந்திருந்தான். அவன் சிரிப்பதையே மறந்துவிட்டான் என்று என் சம்சாரம் சொன்னாள்.

என் மகன் பெங்களூருக்கு வேலைக்குப் போனபோது விட்டுவிட்டுப் போன கியர் சைக்கிள் ஒன்று கொல்லைப்புற நடையில் துருப்பிடித்துக் கிடந்தது. மவுண்டன் பைக் என்பார்களே, பருத்த டயர் போட்டது, அதுதான். ஒரு நாள் தம்பி அதைத் துடைத்துக்கொண்டிருந்தான். நான் கேட்டதற்கு, "இதுக்கு ஒரு மோட்டார் வெச்சா நான் மிதிக்கவே வேண்டாம். சின்ன மோட்டார்னா லைசென்சும் வேண்டாமாக்கும்" என்றான்.

ஜகதி மேட்டில் இருக்கும் பிஜு என்ற மலையாளி எலக்ட்ரீசியன் தம்பியோடு ஐ.டி.ஐ.யில் படித்தவர். அவர்தான் துணை. பின்சக்கரத்தின் நடுவிலேயே உட்கார்கிற மோட்டாரை வரவழைத்தார்கள். சாலைக் கடைத்தெருவில் ஒரு சைக்கிள் கடைக்காரரிடம் கொடுத்து அதைச் சுற்றிக் கம்பி கோத்து வாங்கினார்கள். பழைய லேப்டாப்களிலிருந்து எடுத்த விரல் பருமன் பேட்டரிகளை ஒவ்வொன்றாக மீட்டர் வைத்துச் சோதித்து, நல்லதை ஒரு தட்டிலும் ஆகாததை ஒரு தட்டிலும் போட்டான். அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி பதினைந்து நாள் பொறுக்கினான். சந்தேகம் வந்தால் ஆகாத தட்டுதான். தேர்ந்ததை அடுக்கிப் பற்றவைத்து, உள்ளே ரப்பர் விரித்த அலுமினியப் பெட்டியில் வைத்துச் சட்டத்தின் நடுவே கட்டினான். மோட்டார் சுற்றும் வேகத்தில் அச்சு கழன்றுவிடக் கூடாதென்று ஒரு பழைய ஸ்பேனரை அறுத்து, அதன் வாயால் அச்சைக் கவ்வவைத்து, வாலைச் சட்டத்தோடு முடுக்கினான். பிரேக் பிடித்த உடனே மோட்டார் நிற்க வேண்டும் என்று அதற்குத் தனி ஒயர் போட்டான். மழை பெய்தால் என்ன ஆகும் என்று பார்க்க, வண்டியைக் கிணற்றடியில் நிறுத்தி அரைமணி நேரம் தண்ணீர் ஊற்றினான். இதையெல்லாம் விவரமாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. பின்னால் சொல்கிறேன்.

வண்டி முதலில் தெருவில் இறங்கிய அன்று எதிர்வீட்டு மாமா வாசலுக்கு வந்து பார்த்தார்.

"என்னடா, சைக்கிளுக்கும் பேஸ்மேக்கர் வெச்சாச்சா?"

"ஆமாம் மாமா. எனக்கு வெக்கறதைவிட இதுக்கு வெக்கறது எளுப்பம்."

தெருவே சிரித்தது. நாலு மாசம் கழித்து அன்றுதான் அவனும் சிரித்தான்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக அவன் நன்றாக இருந்தான். பூஜப்புரை, ஜகதி, தைக்காடு என்று எந்த மேடும் அவனுக்கு மேடாக இல்லை. வேறு ஆளைப் பார்த்துக்கொண்ட மாமிகளெல்லாம் திரும்ப இவனையே கூப்பிட்டார்கள். சாயங்காலம் வந்ததும் பேட்டரியைச் சார்ஜில் போட்டுவிட்டுத்தான் கால் கழுவுவான். ஒரு நாளும் தவறியதில்லை. தவறவைத்தவன் நான்.

எங்கள் வீட்டில் நவராத்திரி அஷ்டமி சாயங்காலம் பூஜை வைப்போம். புத்தகம், கத்தி, அரிவாள்மணை, தொழில் சாமான் எல்லாவற்றையும் அம்பாள் முன்னால் பட்டு விரித்து வைத்தால், தசமி காலையில் பூஜை எடுக்கும் வரைக்கும் யாரும் தொடக் கூடாது. அப்பா காலத்திலிருந்து நடக்கிறது. நானும் ஒரு அணுவும் பிசகாமல் நடத்தினேன். போன வருஷம் அஷ்டமியன்று தம்பி தூரத்து வீடு ஒன்றுக்குப் போய்விட்டு, பேட்டரி அநேகமாகக் காலியாகி வந்தான். வண்டியை அலம்பிச் சந்தனம் வைத்தாயிற்று. அவனுடைய மீட்டர், ஸ்பேனர், சால்டரிங் அயர்ன் எல்லாம் பட்டின் மேல் வைத்தாயிற்று. அவன் சார்ஜரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"அண்ணா, இதை மட்டும் விட்டுடட்டுமா? ராத்திரி சார்ஜில் போட்டுட்டு எடுத்துண்டு வந்து வெச்சுடறேன்."

"வண்டிக்குச் சாதம் போடறது அதுதானேடா. அதையல்லவா முதல்லே வெக்கணும்" என்றேன்.

அவன் அதையும் பட்டின் மேல் வைத்தான். நானே அதற்குச் சந்தனமும் குங்குமமும் இட்டேன்.

தசமியன்று விடிந்ததும் பூஜை எடுத்தோம். பூஜை எடுத்த கையோடு, வைத்த சாமானைக் கொண்டு நல்ல நேரத்தில் வேலை தொடங்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். நான் அரிசியில் விரலால் ஹரிஸ்ரீ என்று முதலெழுத்து எழுதினேன். வண்டியின் முதல் ஓட்டம் வீணாகப் போகாமல் பிஜு வீட்டுக்கு அவலும் சுண்டலும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வா என்று தம்பியிடம் சொன்னேன். இரண்டு மணி நேரம் சார்ஜ் போட்டுவிட்டுப் போகிறேன் என்றான் அவன். ராகுகாலம் வந்துவிடும் என்றேன் நான். வண்டியின் கைப்பிடியில் சார்ஜ் காட்டும் சின்ன விளக்கில் இரண்டு கோடு எரிவதைக் காட்டி, இருக்கிறதே என்றும் சொன்னேன்.

"சும்மா இருந்த பேட்டரி கொஞ்சம் ஏறிக் காட்டும் அண்ணா. பாரம் வந்தா உடனே விழுந்துடும்."

அவன் தொழில் அறிந்து சொன்னான். எனக்குப் புரியவில்லை. அம்பாள் முன்னால் இரண்டு நாள் இருந்த வண்டிக்கு ஒன்றும் வராது என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அவன் ஏறி உட்கார்ந்தபோது நான் இன்னொன்றும் சொன்னேன்.

"முதல் ஓட்டமாக்கும். போய்ச் சேரற வரைக்கும் வழியிலே காலை ஊனாதே."

இது எந்தச் சாஸ்திரத்திலும் இல்லை. பிற்பாடு வாத்தியாரைக் கேட்டேன், அவரும் இல்லை என்றார். அப்பா புது வண்டிக்குச் சொல்லி நான் எப்போதோ கேட்டது. அந்த நிமிஷத்தில் வாயில் வந்தது, சொல்லிவிட்டேன்.

ஜகதி மேட்டில் பாதியில் சார்ஜ் தீர்ந்தது. பிஜு தன் வீட்டு வாசலில் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தார். மோட்டார் நின்றதும் தம்பி கியரை இறக்கி மிதிக்கத் தொடங்கினானாம். மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்து சாதாரண சைக்கிளைப் போல இரண்டு மடங்கு கனம் அந்த வண்டி. இறங்கித் தள்ளு என்று பிஜு கை காட்டிக் கத்தியிருக்கிறார். தம்பி தலையை ஆட்டிவிட்டு மிதித்துக்கொண்டே வந்தான். வாசல் வந்த பிறகுதான் காலை ஊன்றினான். அவல் டப்பாவை எடுத்துக் கொடுத்தான். கேட்டில் சாய்ந்தான். ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரி போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அன்று சாயங்காலத்துக்குள் தெருவில் பேச்சு வந்துவிட்டது. வீட்டில் செய்த மின்சார வண்டி, ஷாக் அடித்துவிட்டது என்றார்கள். பேட்டரி வெடித்தது என்றும் சொன்னார்கள். அரைகுறை வேலைக்கு உயிரைக் கொடுத்தான் என்று சாவு வீட்டு வாசலிலேயே ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. முப்பது வருஷம் இந்த ஊரில் ஒரு வீட்டிலும் ஒரு ஃபியூஸ்கூடத் தப்பாகப் போடாதவன் அவன். நான் வாயைத் திறக்கவில்லை. வண்டிமேல் பழி விழுந்தால் என்மேல் விழாது. இந்த ஒரு வருஷமும் அந்தப் பழியின் பின்னால்தான் ஒளிந்துகொண்டிருந்தேன். தம்பியின் நெஞ்சை நான் கொன்றேன், அவன் கைவேலையின் பெயரையும் நானே கொல்லவிட்டேன்.

பத்தாம் நாள் கழிந்து பிஜு வந்து வண்டியைச் சார்ஜில் போட்டு, ஒவ்வொரு ஒயராகத் தொட்டுப் பார்த்தார். தெருக்கோடி வரை ஓட்டிவிட்டு வந்தார். "ஒரு குழப்பமும் இல்லா சாமி. இவன் செய்ததில் ஒரு தப்பும் இல்லா" என்றார். இதைப் படிக்கிற எல்லோரும் இதை ஒருமுறை உரக்கச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பிள்ளை இல்லாதவனுக்கு மூத்தவன் நான் கொள்ளி வைத்தேன். மாசாமாசம் பிண்டமும் வைத்தேன். தினமும் விளக்கேற்றுகிறேன், தெரிந்த ஸ்தோத்திரமெல்லாம் சொல்கிறேன். அம்பாளிடம் கேட்கிறேன், எனக்குப் பக்தி இருந்தது, புத்தி ஏன் இல்லை என்று. அவள் முகத்தில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. முன்பெல்லாம் தெரிந்த மாதிரி இருந்தது. இந்த வருஷம் பூஜை வைக்கவில்லை. தீட்டு வருஷம் என்று கேட்டவர்களுக்குச் சொன்னோம். அடுத்த வருஷம் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

அன்று ஆட்டோ ஓட்டிய பெயர் தெரியாத சகோதரருக்கும், ஆஸ்பத்திரியில் எங்களுக்காகக் கண்ணீர் விட்ட நர்ஸ் அம்மாவுக்கும், பதின்மூன்று நாளும் கூட நின்ற தெருக்காரர்களுக்கும், காரியங்களைக் குறைவில்லாமல் நடத்திக் கொடுத்த வாத்தியாருக்கும், என்னிடம் இன்றுவரை ஒரு கேள்வியும் கேட்காத என் சம்சாரத்துக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன்.

பிஜுவுக்கு நன்றி சொல்ல எனக்கு வாய் இல்லை. அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் என்னைத் தனியே அழைத்துப் போய் ஒன்று கேட்டார். தம்பி கேட்டில் சாயும்போது, வழியில் கால் ஊன்றக் கூடாதென்று அண்ணா சொல்லியிருக்கான் என்றானாம்.

"சாமி அங்ஙனே பறஞ்ஞோ?"

நான் அப்படிச் சொல்லவில்லை என்றேன். அவர் நம்பினார். அவன் ஏதோ பிடிவாதத்தில் மிதித்துவிட்டான் என்று இந்த வருஷமெல்லாம் அவனையே நொந்துகொண்டிருந்தார்.

அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அதனால் இதை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் ஜகதி மேட்டுக்கு நடந்தே போய், அவர் வீட்டு வாசலில் நின்று, நான் சொன்னேன், அன்று உங்களிடம் பொய் சொன்னேன் என்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே போனார். வெகுநேரம் நின்று பார்த்தேன். அவர் திரும்ப வரவில்லை. இறங்கி வீட்டுக்கு வந்துவிட்டேன்.