ஊர் கேட்கும் செல்வரட்ணம்

செல்வரட்ணம் யாரைக் கண்டாலும் முதலில் ஊரைத்தான் கேட்பார். ஊர் தெரிந்தால் ஐந்து நிமிடத்தில் ஒரு சொந்தத்தையும் கண்டுபிடித்துவிடுவார். ரொறொன்ரோவில் சுற்றுலா பஸ் ஓட்டி இருபது வருடமாகியும் இந்த வியாதி மாறவில்லை. "இஞ்சாருங்கோ, எல்லாரிட்டையும் உந்தக் கேள்வியைக் கேக்காதேங்கோ, கோவிக்கப்போகினம்" என்று மனைவி கிளடிஸ் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள்.

ஓகஸ்ட் முதலாம் திகதி, அடிமை ஒழிப்பு நாள் விழாவுக்கு ஒரு கறுப்பினத் திருச்சபையாரை ஏற்றிப் போனார். முன் இருக்கையில் மொறீன் என்ற ஓய்வுபெற்ற தாதி. இவருக்கு வாய் சும்மா இருக்குமா?

"நீங்கள் எந்த ஊர்?"

"ரொறொன்ரோ."

"அதுக்கு முதல்?"

"ரொறொன்ரோதான்" என்று மொறீன் சிரித்தார். பிறகு கதையைச் சொன்னார். அவருடைய பூட்டனார் கென்ரக்கி மாநிலத்தில் அடிமையாக இருந்து, எல்லை தாண்டித் தப்பி ரொறொன்ரோவுக்கு வந்தவர். அடிமை முறை வேண்டும், வேண்டாம் என்று அந்த மாநிலமே இரண்டுபட்டு, ஒரே வீட்டுக்குள் அண்ணனும் தம்பியும் முறைத்துக்கொண்டு திரிந்த காலம் அது. வழியில் "எந்த ஊர்?" என்று கேட்டவன் எவனும் நல்லதுக்குக் கேட்கவில்லை, பிடித்துக்கொடுக்கவே கேட்டான். அந்தப் பயத்தில் மனுசன் சாகும்வரை ரொறொன்ரோ என்றே சொன்னார். குடும்பமும் அதையே பிடித்துக்கொண்டது.

செல்வரட்ணத்துக்கு யுத்தகாலத்துக் கொழும்புச் சோதனைச்சாவடிகள் நினைவுக்கு வந்தன. ஊரைச் சொன்னால் பிடித்துவிடுவார்கள் என்ற பயத்தில் அங்கே அவரும் பிறந்த ஊரை மறைத்தவர்தான்.

"சரி, நீங்கள் எந்த ஊர்?" என்று மொறீன் திருப்பிக் கேட்டார்.

"மோர்னிங்சைட்" என்று, ரொறொன்ரோவில் தான் குடியிருக்கும் பகுதியைச் சொன்னார் செல்வரட்ணம்.

மொறீனின் கண்ணில் குறும்பு மின்னியது. "அதுக்கு முதல்?"

"மோர்னிங்சைட்தான்!"

இருவரும் சிரித்த சிரிப்பில், பின்வரிசையில் நித்திரை கொண்டவர்களும் எழும்பிவிட்டார்கள்.