தொண்ணூற்றொன்பதாம் கட்டம்

வாட்ஸ்அப்பில் நாங்கள் ஒரு வாசிப்பு விளையாட்டு நடத்துகிறோம். ஏணியும் பாம்பும் போலத்தான். காய் விழுகிற கட்டத்தில் எழுதியிருக்கிற மாதிரி ஒரு புத்தகம் வாசிக்க வேண்டும். விதிகளுக்கு நான் பொறுப்பு. அந்த விதிகளில் என்னை அதிகம் வதைத்தவர் நீர்வேலியில் வாழைத்தோட்டம் செய்யும் ஒருவர். குழுவில் கேட்கமாட்டார். நல்லூரில் இருக்கும் என் வீட்டுக்கே சைக்கிளில் வந்துவிடுவார். சட்டை முழுக்க வாழைக்கயர்க் கறை. விதிகளை அச்செடுத்து நாலாக மடித்துப் பையில் வைத்திருப்பார். சந்தேகப்பட்ட வரியில் விரலை வைத்துக்கொண்டுதான் கதைப்பார்.

அன்று அவர் தொண்ணூற்றொன்பதில் நின்றார். முன்பு வாசிக்காத புத்தகம் ஒன்றை வாசித்தால் வெற்றி. தவறினால் பாம்பு நாலாம் கட்டத்துக்கு இறக்கிவிடும். கையில் ஒரு புத்தகத்தோடு வந்திருந்தார்.

“தம்பி, இடம்பெயர்ந்திருக்கேக்கை இதை வாசிச்சனான். ஆனால் கடைசிப் பதினாறு பக்கத்தையும் கச்சான் கடலை விக்கிற மனிசி கடதாசிச் சரை சுத்தக் கிழிச்சுப்போட்டா. இது வாசிச்ச கணக்கோ, வாசிக்காத கணக்கோ?”

அவர் கேட்காமல் விட்டிருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

“முடிவு தெரியாதெண்டால் வாசிக்காத கணக்குத்தான், அண்ணை.”

அவர் விரலை எடுக்கவில்லை. “முடிவை நானே யோசிச்சு வைச்சிருந்தன். இப்ப முழுசா வாசிச்சுப் பாத்தால் வேறை முடிவு.”

“எது திறம்?”

“என்ரைதான்.”

அது என்ன முடிவு என்று கேட்டேன்.

“அதைச் சொல்லவேணுமெண்டு விதி இல்லைத்தானே?” என்று தாளை மடித்துக்கொண்டு சைக்கிளில் ஏறினார்.

அந்தப் புத்தகத்தை நானும் வாங்கினேன். கடைசிப் பதினாறு பக்கங்களுக்கு முன்னால் நிறுத்தி, இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.