சாக்கு அடித்த அறை

என் தங்கை விசாலம் பாடுவதை விட்டது என்னால்தான். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன், சொல்லி என்ன ஆகப்போகிறது...

புதுக்கோட்டையில் எங்கள் வீட்டு நடு அறைக்குச் சுண்ணாம்புச் சுவர், உயர்ந்த கூரை. அவள் பாடினால் அறையே கூடப் பாடும். தெருவில் போகிறவர்கள் நின்று கேட்பார்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அப்போது கீரமங்கலத்திலிருந்து வரன் வந்திருந்தது. “பாட்டுப் பாடுற பொண்ணாமே” என்று அவர்களில் ஒருவர் சொன்னது என் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது.

பாடாதே என்று சொல்லத் துணிவில்லை. அப்பா போனபின் அவளுக்கு இருந்த ஒரே ஆறுதல் அது. ஆகவே பொய் சொன்னேன். பட்டணத்தில் இசைத்தட்டுக்குப் பாடும் அறைகளில் சுவரெல்லாம் துணி போர்த்துவார்கள், குரல் துலக்கமாக விழும் என்றேன். நம்பினாள். பழைய சாக்குகளை அவளே உதறித் தைத்துக் கொடுத்தாள்! நான் சுவரெங்கும் ஆணி அடித்து மாட்டினேன். சன்னலில் வைக்கோலைத் திணித்து, இலவம்பஞ்சு மெத்தையைச் சாத்தினேன்.

அவள் உள்ளே பாடும்போது தெருவில் நின்று பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. நிம்மதியாக இருந்தது. எவ்வளவு கேவலமான நிம்மதி...

சில நாளில் விசாலம் என்னிடம் வந்தாள். முகம் வாடியிருந்தது.

“அண்ணே, போன மாசம் வந்த காய்ச்சலுக்கப்புறம் என் தொண்டை கெட்டுப்போச்சு போல. பாடுனா வாய்க்கிட்டயே விழுந்துருது. ஒங்களுக்கும் அப்படித்தான் தெரியுதா?”

தொண்டையில் ஒரு குறையும் இல்லை. குரலைக் குடித்தது சாக்கு. அடுத்த அறையில் ஒரு வரி பாடச் சொல்லியிருந்தால் அவளுக்கே விளங்கியிருக்கும். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“ஆமாத்தா... முன்ன மாதிரி இல்லதான்.”

ஏன் சொன்னேன்? அவள் நன்மைக்கா, என் மானத்துக்கா? கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டேன். அதன்பின் அவள் எங்குமே பாடவில்லை.

கீரமங்கலத்திலேயே கல்யாணம் ஆயிற்று. போன தையில் போயிருந்தேன். சாப்பிடும்போது அவள் புருஷன் சொன்னார்: “மச்சான், இவ பாடுவான்னு கேள்விப்பட்டுத்தான் நான் கட்டிக்கவே ஒத்துக்கிட்டேன். இன்னவரைக்கும் ஒரு பாட்டு கேக்கலைங்க.”

நான் இலையில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

விசாலம் எனக்குக் குழம்பு ஊற்றியபடி சிரித்தாள். “அதான் காய்ச்சல்ல போயிருச்சுன்னு சொன்னேன்ல. நம்பிக்கை இல்லாட்டி எங்க அண்ணனையே கேளுங்க.”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். இப்போதாவது சொல்லியிருக்கலாம்...

“ஆமா மாப்பிள, போயிருச்சு” என்றேன்.