ஹதானோ சானின் மூவாயிரம் மணி நேரம்

ஐநூற்றைம்பது டிகிரி உலையோடு இத்தனை வருஷம் வேலை பார்த்து ஒரு கொப்புளம்கூட வாங்காத மனிதர், வீட்டுக் குளியலறையில் சோப்பு வழுக்கித் தொடை எலும்பை முறித்துக்கொண்டார். அப்படித்தான் ஹதானோ சான் என் பொறுப்புக்கு வந்தார். வீடுகளுக்குப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்வது என் தொழில். அவர் மனைவி நகராட்சியில் வேலை பார்த்ததால் பகல் முழுவதும் நான்தான்.

வடக்கே அகிதா மாகாணத்தில் பிறந்தவர். பதினெட்டு வயதில் தொழிற்சாலைகள் நிறைந்த சுருமிக்கு வந்து எரிவாயு கம்பெனியில் சேர்ந்தார். மீட்டர் பார்த்தார், குழாய் பதித்தார், பிறகு சோதனைக்கூடத்துக்குப் போனார். அங்கே இயற்கை எரிவாயுவிலிருந்து ஹைட்ரஜன் எடுக்கும் உலை அவருடையது. எரிவாயுவும் நீராவியும் சூட்டில் சேர்ந்தால் ஹைட்ரஜன் வரும். உள்ளே நிற்கும் குழாய்களின் மேல் தலைமுடியைவிட மெல்லிய பல்லேடியம் உலோகப் படலம். அதைத் தாண்டி ஹைட்ரஜன் மட்டுமே போகும். தனியாகச் சுத்தப்படுத்த வேண்டியதில்லை.

அந்தக் குழாய்கள் மூவாயிரம் மணி நேரம் தாங்கிக் காட்ட வேண்டும். இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் முடிந்திருந்தது. மார்ச்சில் அவருக்கு ஓய்வு. குழாய் உடைந்தால் எல்லாம் முதலிலிருந்து. அதைப் பார்க்க அவர் அங்கே இருக்க மாட்டார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் அவருக்கு உதோன் நூடுல்ஸ் வேகவைத்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் கடகடத்தது. அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்து அவர் கட்டிலைப் பிடித்துக்கொண்டேன். அரை நிமிடத்தில் ஆட்டம் நின்றது.

“ஃபோனைக் குடுங்க. எனக்குப் பதிலா உலையைப் பாத்துக்கிற மினெகிஷி அதை அணைச்சிருப்பான்.”

“நானும்தான் அடுப்பை அணைச்சேன். பூமி ஆடினா வேற என்ன செய்வாங்க?”

“உங்க உதோன் ஆறினா கொழகொழன்னு ஆகும். என் படலம் ஆறினா வெடிப்பு விட்டுரும்.”

உள்ளே ஹைட்ரஜன் இருக்கும்போது முந்நூறு டிகிரிக்குக் கீழே போனால் படலம் ஊதி விரிசல் விடுமாம். முதலில் நைட்ரஜனை விட்டு ஹைட்ரஜனை விரட்ட வேண்டும், அப்புறம்தான் ஆறவிட வேண்டும். ஆனால் இங்கே பள்ளிக்கூடத்திலிருந்தே பழக்கிவிடுகிறார்கள்: தரை ஆடினால் கை நெருப்பை அணைக்கப் போகும். மினெகிஷியோ முப்பது வருஷம் எரிவாயுக் குழாயோடு கிடந்தவர்.

போர்வை மேல் ஃபோனை வைத்து ஸ்பீக்கரைப் போட்டேன்.

“எல்லாம் பத்திரம், ஹதானோ சான். பர்னரை உடனே அணைச்சுட்டேன்.” குரலில் பெருமை.

“எங்க இருக்கே?”

“மேசைக்கு அடியில.”

“வெளிய வா. எத்தனை டிகிரி காட்டுது?”

“நானூத்திப் பத்து.”

“நைட்ரஜன் விட்டியா?”

நாற்காலி ஒன்று விழும் சத்தம் கேட்டது.

“பதறாத. சுவரோரம் நீல வால்வு.”

“நீலம் ரெண்டு இருக்கு.”

“ரெண்டையும் திற. படலத்துக்கு ரெண்டு பக்கமும் போகணும்.”

இதற்குள் அவர் காலைக் கட்டிலிலிருந்து இறக்கப் பார்த்தார்.

“அந்தக் கால் தரையில பட்டா ஃபோனை வச்சிருவேன்.”

“மிரட்டுறீங்களா?”

“ஆமா.”

கால் மேலே போனது. முந்நூற்று எழுபது என்றார் மினெகிஷி. முந்நூற்று ஐம்பது. முந்நூற்று முப்பதில், ஹைட்ரஜன் மீட்டர் சைபருக்கு வந்துவிட்டது என்றார். ஆனால் குழாய் பிழைத்ததா என்பது மறுநாள் மறுபடி சூடாக்கி ஓட்டினால்தான் தெரியும்; விரிசல் இருந்தால் ஹைட்ரஜனோடு மற்ற வாயுவும் கசிந்து வரும். நின்ற நேரம் பரவாயில்லை, ஓடிய மணிகளைத்தான் கூட்டுவார்கள்.

மறுநாள் காலைக் கஞ்சியை அவர் தொடவில்லை. பதினோரு மணிக்கு மினெகிஷி கூப்பிட்டார்.

“ஹைட்ரஜன்ல வேற எந்த வாயுவும் காட்டல.”

“கருவி ஆன்ல இருக்கா?”

“இருக்கு. ரெண்டு தடவை பாத்துட்டேன்.”

“மூணாவது தடவை பாரு.”

பார்த்தார். ஒன்றுமில்லை. ஹதானோ சான் ஆறிய கஞ்சியைக் கேட்டு வாங்கி, இரண்டு கிண்ணம் சாப்பிட்டார்.

மூவாயிரமாவது மணிக்கு டாக்சியில் கூட்டிப்போனேன். பார்க்க ஒன்றும் பெரிதாக இல்லை; ஆள் உயர எஃகு உருளை, குளிர்சாதனப் பெட்டி போல முனகிக்கொண்டிருந்தது. ஐந்து நிமிடம்தான் நிற்கலாம் என்று சொல்லியிருந்தேன். ஊன்றுகோலில் இருபது நிமிடம் நின்றார். நேரமாகிவிட்டதா என்று அவர் கேட்டபோது, நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.